ஒன்பது நாள் விருந்தாளியும் வீட்டுக்காரிகளும்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சென்னை வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகும். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், அங்கிருந்து கோட்டை, சாயங்காலம் மெரினா, நேரமிருந்தால் விவேகானந்தர் இல்லம். மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தட்சிணசித்ரா, அப்படியே மாமல்லபுரம். பட்டியலைப் போடுவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். புளிசாதம் கட்டுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்து வைப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நான் முதலில் போனது ஆறாம் வகுப்பில். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் நடந்தோம். "நிக்காத, நட" என்பதைத் தவிர அன்று எதுவும் காதில் விழவில்லை. இரண்டாவது முறை போனது கல்யாணத்துக்குப் பிறகு, இடுப்பில் இரண்டு வயது மகனோடும் தோளில் பையோடும். கணவரும் அவர் தம்பியும் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு நகர்ந்தார்கள். எங்கே உட்காரலாம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நான் நகர்ந்தேன். மூன்றாவது முறை தனியாகப் போனபோது எனக்கு 41 வயது. அன்றுதான் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன்.

பார்ப்பதற்கு நேரம் வேண்டும், வெறுங்கை வேண்டும். இரண்டும் கிடைத்து நிதானமாகப் பலகைகளைப் படித்தால், அவற்றில் நாம் மிகக் குறைவாக இருக்கிறோம். மன்னர் கட்டினார், ஆளுநர் திறந்து வைத்தார், துரை தோண்டி எடுத்தார், மகான் தங்கினார். பெண் என்று ஒருத்தி வந்தால் அவள் தேவி, அல்லது மகாராணி, அல்லது யாரோ ஒருவரின் மனைவி.

பட்டியலில் உள்ள இடங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாமே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். நான் சண்டை போட வந்திருப்பது அந்த இடங்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதையோடு. ஏனென்றால் கதையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கடைசியில் கட்டடமும் மிஞ்சுகிறது.

முதலில் மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். 1842-ல் அது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், அந்த ஊர்ப்பக்கம் குளிர்காலத்தில் உறையும் நீர்நிலைகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விற்றார். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கும் காலம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில், மேலை நாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அவரைத் தொடர்ந்து ராமகிருஷ்ணானந்தர் நடத்திய மடம் 1906 வரை அங்கே இயங்கியது. 1917-ல் கட்டடம் அரசின் கைக்கு வந்தது. 1963-ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் சூட்டினார்கள். 1997-ல் அது ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. இப்போது அங்கே அவர் வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது.

1917-க்கும் 1963-க்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறதல்லவா? அந்தப் பள்ளத்துக்குள்தான் பெண்கள் இருக்கிறார்கள்.

ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயது வாக்கிலேயே கல்யாணமும் முடிந்து, விதவை என்ற பெயரும் வந்துவிட்டது. மூலையில் உட்கார வைக்காமல் அவரை அவருடைய குடும்பம் படிக்க வைத்தது. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தன்னைப் போலவே சிறு வயதில் கணவனை இழந்த பெண்களைத் தன்னோடு தங்க வைத்துப் படிக்க வைத்தார். அந்த விடுதி வளர்ந்து, இடம் போதாமல், கடைசியில் வந்து சேர்ந்த இடம்தான் ஐஸ் ஹவுஸ். பக்கத்திலேயே 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வரும் அவர்தான்.

அந்தக் காலத்து விதவைச் சிறுமியின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தலையை மழிப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாடு. விசேஷ வீடுகளில் முகம் காட்டக் கூடாது. வெளியே கிளம்புகிறவர் எதிரில் வந்துவிட்டால் அபசகுனம். அப்படிக் கண்ணில் படவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்களை, ஊரே காற்று வாங்க வரும் கடற்கரைச் சாலையில், எல்லோர் கண்ணிலும் படும் கட்டடத்தில் குடிவைத்தார் சுப்புலட்சுமி. அங்கிருந்து அவர்கள் ஆசிரியைகளாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். சொந்தச் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். இந்த நகரத்தின் சமூக வரலாற்றில் இதைவிடப் பெரிய விஷயம் எத்தனை கட்டடங்களில் நடந்திருக்கிறது?

என் மாணவிகளை அங்கே அழைத்துப்போனபோது இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வெளியே வந்ததும் கேட்டாள்: "மேம், ஒன்பது நாள் தங்கினவர் பேர்ல வீடு. வருஷக்கணக்கா இருந்தவங்க பேர்ல என்ன இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒன்பது நாளோடு மடம் இருந்த ஒன்பது ஆண்டுகளையும் சேர்த்தே கணக்குப் போட்டாலும், அவள் கேள்வி தீரவில்லை. விவேகானந்தருக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விருந்தாளியை மரியாதையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்காரிகள் பெயர் வாசற்பலகையில் இருக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் கட்டட வரலாறு சொல்லும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

"பெயரில் என்ன இருக்கிறது, ஒரு பலகைக்காக இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்கள், அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்து ராணி மேரி கல்லூரி வாசலுக்கு வர வேண்டும்.

1914-ல் சென்னைப் பெண்கள் கல்லூரி என்ற பெயரில் அது தொடங்கியது. நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி அது. டோரதி டி லா ஹே முதல் முதல்வர். 1917-ல் ராணி மேரியின் பெயர் வந்தது. கல்லூரி தொடங்கிய கேப்பர் ஹவுஸ் என்ற பழைய மாளிகை பராமரிப்பில்லாமல் நைந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. 2003-ல் அன்றைய அரசு, அந்த வளாகத்தை எடுத்துக்கொண்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவித்தது. கடலைப் பார்த்த இடம், விசாலமான இடம். இத்தனை நல்ல இடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் படிப்பானேன், வேறெங்காவது படிக்கட்டுமே என்பதுதான் அந்த அறிவிப்புக்குள் இருந்த நினைப்பு.

மாணவிகள் நகர மறுத்தார்கள். வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஆசிரியைகள் சேர்ந்துகொண்டார்கள். அங்கே படித்து வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்ட பெண்கள் வந்தார்கள். ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. இன்று மெரினா போகும் பேருந்தில் உட்கார்ந்து நாம் பார்க்கும் அந்தக் கல்லூரி, அன்று அந்தப் பெண்கள் எழுந்துபோயிருந்தால் இருந்திருக்காது.

இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஸ் ஹவுஸில் பெண்களின் கதை சொல்லப்படவில்லை. கட்டடம் கைமாறிப் பெயர் மாறியபோது யாரும் கேட்கவில்லை. ராணி மேரியில் கதை தெரிந்த பெண்கள் உயிரோடு இருந்தார்கள், அதனால் கேட்டார்கள். யாருடையது என்று ஊருக்குத் தெரியாத கட்டடத்தை எடுத்துக்கொள்வது எளிது. அதனால்தான் பலகைக்காகக் கோபப்படுகிறேன். அது சொத்துப் பத்திரம் மாதிரி.

கடற்கரையிலேயே இன்னும் கொஞ்சம் நேரம் நிற்போம். உழைப்பாளர் சிலை 1959-ல் வந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பித் தள்ளும் நான்கு பேர். நான்கு பேரும் ஆண்கள். சிலையின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் எந்தக் கட்டடம் எழும்பும் இடத்திலும், எந்தப் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் இடத்திலும் போய்ப் பாருங்கள். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏறுவது சித்தாள்கள். கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், எழும்பூரின் சிவப்புக் கல் கலைக்கூடம் எல்லாவற்றையும் பற்றிப் பேசும்போது கட்டடக் கலைஞர் பெயரைச் சொல்வோம், ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார் பெயரைச் சொல்வோம். செங்கல் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சரி, பெயர்தான் தெரியாது. உழைப்புக்கென்று ஒரு சிலை வைக்கும்போது உருவத்தையாவது வைத்திருக்கலாமே.

1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த பத்துச் சிலைகளில் இரண்டு பெண்கள்: ஔவையாரும் கண்ணகியும். ஒருவர் கிழவி ஆன பிறகு ஊர் சுற்றிப் பாட அனுமதிக்கப்பட்ட புலவர். இன்னொருவர் கணவனுக்காக நகரத்தை எரித்த காப்பியத் தலைவி. நடு வயதில், தன் காரியத்துக்காக, தன் பெயரில் வாழ்ந்த பெண் ஒருத்திகூட அந்தப் பத்தில் இல்லை. அந்தக் கண்ணகிக்கும் நிலையான இடம் இல்லை. 2001 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆட்சி மாறி 2006-ல்தான் கடற்கரைக்குத் திரும்பியது. சிலையாக நிற்பதற்குக்கூட ஒரு பெண் ஆட்சி மாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் செய்தி, 1753-ல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்தது இங்கேதான் என்பது. மணமகளுக்கும் ஒரு பெயர் உண்டு: மார்கரெட் மாஸ்கலின். கல்யாணத்தைச் சொல்லும்போதே மணமகளை விட்டுவிடும் சாமர்த்தியம் நம் வழிகாட்டிகளுக்கு உண்டு.

பக்கத்தில் 1948-ல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகம். வாள், துப்பாக்கி, நாணயம், ஆளுநர்களின் ஓவியங்கள் எல்லாம் பார்க்கலாம். ஆனால் அந்தக் கோட்டையில் நடந்த சண்டைகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வாளால் நடக்கவில்லை. 1921-ல் சென்னை மாகாணம்தான் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலில், சொத்துத் தகுதியோடாவது, பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1927-ல் கோட்டைக்குள் கூடிய சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உட்கார்ந்தார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார். புதுக்கோட்டையிலிருந்து வந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக அவர் அந்தச் சபையில்தான் பேசினார். வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் முழுமையாக வர 1947 ஆயிற்று. அதற்குள் அவர் 1930-லேயே ஔவை இல்லத்தைத் தொடங்கி அந்தச் சிறுமிகளுக்கு இடம் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா அவர்களில் ஒருவர். எங்கள் கலையையும் சொத்தையும் மானத்தையும் பற்றி முடிவெடுக்க எங்களைக் கேட்டீர்களா என்பது அவர்கள் தரப்பு. பெண்ணும் பெண்ணும் எதிரெதிரே நின்று வாதாடிய வரலாறு இது. இரண்டு தரப்பையும் பொது அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தில் வைத்தால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்! கிளைவின் கல்யாணத்தைத் தெரிந்துகொண்டு திரும்பும் கல்லூரி மாணவிக்கு, தான் வாக்களிக்கும் உரிமையின் பிறந்த இடத்தில் நின்றோம் என்று தெரியாமலே போகிறது.

அடையாறிலும் இதே கதைதான். பிரம்மஞான சபை வளாகத்தில் எல்லோரும் போய்ப் பார்ப்பது ஆலமரத்தை. 1917-ல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் சேர்ந்து இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியது அடையாறில்தான். பெண்களுக்கு வாக்குக் கேட்டு எழுந்த முதல் குரல்களில் அந்தச் சங்கத்தின் குரலும் உண்டு. மரத்துக்கு எத்தனை விழுது என்று எண்ணிவிட்டு வந்துவிடுகிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். ஆண்களின் பெருமைப் பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெண்களின் பெருமைப் பட்டியலை ஒட்டினால் வேலை முடிந்ததாகாது. சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் நடத்திய விடுதி பிராமண விதவைகளுக்கானது. மற்றச் சாதிப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. அந்த வீட்டைச் சுற்றிலும் கடற்கரையை நம்பிப் பிழைத்த மீனவப் பெண்களின் வாழ்க்கைக்கும் அதன் கதவுகளுக்கும் நடுவில் சாதி நின்றது. இதையும் பலகையில் எழுத வேண்டும். எழுதினால் சுப்புலட்சுமி சிறியவர் ஆகிவிட மாட்டார். அவர் காலம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1885-ல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே 'காஸ்ட் அண்ட் கோஷா' என்று இருந்தது. கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட சாதி இந்துப் பெண்களும் பிரசவத்தில் சாகாமல் இருக்க ஒரு வழி அது. அதை முன்னின்று உருவாக்கிய மேரி ஷார்லிப், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வாசல். அதே வாசலின் மேல் 'காஸ்ட்' என்று எழுதியிருந்தது. காப்பாற்றிய கையையும் ஒதுக்கிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் பெண்கள் பார்வையில் வரலாறு பார்ப்பது.

ரிப்பன் மாளிகையை அப்படிப் பார்த்தால் என்ன தெரிகிறது? 1913-ல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை. எல்லோரும் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 1933 முதல் இந்த நகரத்துக்கு மேயர்கள் இருக்கிறார்கள். 1956-ல் தாரா செரியன் முதல் பெண் மேயர். 1971-ல் காமாட்சி ஜெயராமன். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் ஒரு பெண்ணும் இல்லை. 2022-ல் பிரியா மூன்றாவது பெண் மேயராக, முதல் தலித் பெண் மேயராக வந்தார். மாளிகையின் கோபுரத்தையும் கடிகாரத்தையும் பற்றிச் சொல்பவர்கள் இந்த இடைவெளியையும் சொல்லலாம்.

மறுபடி எழும்பூருக்கு வருகிறேன். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம். அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் ஆதரவாக நின்றவர்களில் அவரும் ஒருவர். என் மூன்றாவது வருகையில் நான் அதிக நேரம் நின்றது அமராவதிச் சிற்பங்களின் முன்னால். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சலவைக்கல் போன்ற வெள்ளைக் கற்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அந்தத் தூபியின் கல்வெட்டுகள், கல்லைக் கொடுத்தது யார் என்று சொல்கின்றன. பிக்குணிகள் கொடுத்திருக்கிறார்கள். இல்லறத்தில் இருந்த பெண்கள் கொடுத்திருக்கிறார்கள். தோல் வேலை செய்யும் ஒருவர், தன் தாய், மனைவி, மகள்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த கல்லும் உண்டு. கொடையில் அவர்களுக்குப் பங்கிருந்தது, அதை எழுதி வைக்க வேண்டும் என்றும் அன்றைக்கு ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

வெண்கலக் கூடத்திலும் அப்படித்தான். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று 'சரிபாதி' என்று பெருமூச்சு விட்டுவிட்டு நகர்வது சுலபம். சோழர் காலத்து வெண்கலங்களையும் கற்கோயில்களையும் பற்றிப் பேசும்போது செம்பியன் மாதேவியை விட்டுவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டில் கணவனை இழந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல் கோயில்கள் பலவற்றைக் கல்லால் எடுப்பித்தவர் அந்த அரசி. தேவியின் இடையையும் விழியையும் வர்ணிக்கும் அளவுக்கு, அவளைச் செய்யச் சொல்லிப் பொன் கொடுத்த பெண்களைப் பற்றியும் பேசுங்கள் என்பதுதான் கேட்பது. ஆதாரம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது.

நகரத்துக்கு வெளியே, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் என்ற பெண்ணின் முயற்சியில் உருவான இடம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்து வீடுகள். போகிறவர்கள் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து, "அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்திருக்காங்க பாரு" என்கிறார்கள்.

யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று நான் கேட்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தது யார்? செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் கணக்கும் வியாபாரமும் ஆண்களுடையது. பெண்களுக்கு இரண்டாம் கட்டும் அடுப்படியும். என் மாணவிகளிடம் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். அடுப்படிப் புகை எந்த வழியாக வெளியே போனது? தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள்? மாதவிலக்கு நாட்களில் எங்கே படுத்தார்கள்? கொல்லைப்புற வாசல் வழியாக யார் வந்து சுத்தம் செய்துவிட்டு, யாருடைய கண்ணிலும் படாமல் போனார்கள்? நெசவாளர் வீட்டில் ஐந்தாவது கேள்வியும் உண்டு: நூல் சுற்றிய பெண்களுக்குக் கூலி உண்டா? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் வீட்டின் அழகு ஒன்றும் குறையவில்லை. ஆனால் 'அந்தக் காலம்' என்று ஏங்குவது மட்டும் நின்றுபோனது.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "பெண்களுக்கென்று தனியாக ஒரு அருங்காட்சியகம் கட்டிவிட்டால் போதுமே!" கட்டட்டும், சந்தோஷம். ஆனால் அது மட்டும் போதும் என்று சொன்னால், நமக்கு மறுபடியும் இரண்டாம் கட்டு ஒதுக்கப்படுகிறது என்று பொருள். முகப்பு அவர்களுக்கு, உள்கட்டு நமக்கு. கோட்டையின் வரலாறும் மெரினாவின் வரலாறும் ரிப்பன் மாளிகையின் வரலாறும் நம்முடையதும்தான். அதைத் தனிக் கட்டடத்துக்குள் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

இன்னொரு பதிலும் வரும்: "கட்டடத்துக்கு ஆண் பெண் என்ன இருக்கிறது? வரலாறு எல்லோருக்கும் பொது." பொது என்றால் பொதுவாக இருக்கட்டும். ஒன்பது நாளுக்கு ஒரு இல்லம் என்றால், ஆயுள் முழுக்கச் சுமந்த கலவைச் சட்டிக்கும், வாக்குரிமைக்கும், மூலையிலிருந்து எழுந்து படிக்க வந்த சிறுமிக்கும் என்ன அளவு என்று சொல்லட்டும். அளவுகோல் ஒன்றாக இருந்தால் நமக்கு வேறு சலுகை எதுவும் வேண்டாம்.

அதனால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் தோழிகளோடு கிளம்புங்கள். பை சுமக்காமல், யாருக்கும் சாப்பாடு கட்டாமல் போங்கள். ராணி மேரி கல்லூரி வாசலில் தொடங்கி ஐஸ் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, உழைப்பாளர் சிலை வரை ஒரே நேர்க்கோட்டில் நடக்கலாம். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குள் திரும்பினால் கோஷா ஆஸ்பத்திரி. ஒரு காலை நேரம் போதும். ஒவ்வொரு இடத்திலும் இங்கே பெண்கள் என்ன செய்தார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், பார்வையாளர் குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். ஒருத்தி எழுதினால் அது கிறுக்கல். நூறு பேர் எழுதினால் யாராவது அதற்குப் பதில் தேட வேண்டி வரும்.

வீட்டில் அம்மாவை, ஆயாவை, அத்தையை ஒருநாள் வெறுங்கையோடு அழைத்துப் போங்கள். அவர்கள் எந்தக் கட்டடத்தில் படித்தார்கள், எதில் பிள்ளை பெற்றார்கள், எதில் வேலை பார்த்தார்கள், எதன் சாரத்தில் ஏறினார்கள் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஏதோ ஒரு கட்டடத்தை இடிக்க யாராவது வரும்போது, அது யாருடையது என்று சொல்ல நம் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

அந்த இரண்டாம் ஆண்டு மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. போன மாதம் தன் வகுப்புப் பிள்ளைகளை மெரினாவுக்கு அழைத்துப்போனதாகப் போன் செய்து சொன்னாள். ஐஸ் ஹவுஸ் முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்து, முதலில் சுப்புலட்சுமியைப் பற்றிச் சொன்னாளாம். பிறகு விவேகானந்தரைப் பற்றியும் சொன்னாளாம்.

"நிக்காத, நடன்னு சொல்லலையே?" என்று கேட்டேன்.

"இல்ல மேம். நில்லுங்க, நல்லா பாருங்கன்னுதான் சொன்னேன்."